பிரம்பானானில் ராமாயண நாட்டிய நாடகம்: முதல்முறை பார்க்கப் போகிறவருக்கு

ராமாயணம் தெரிந்த ஒருவருக்கு ஜாவாக்காரர்களின் ராமாயணத்தைப் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற மிதப்போடுதான் நானும் போனேன். முதல் அரை மணி நேரம் ராமன் யார், இலக்குவன் யார் என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன். இருவரும் ஒரே மாதிரி மெலிந்தவர்கள், ஒரே மாதிரி கண்ணைத் தாழ்த்தியவர்கள். வாய் திறந்து ஒரு சொல்கூடப் பேசவில்லை. பக்கத்தில் இருந்த ஜெர்மானியத் தம்பதி கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு என்னைவிட நன்றாகவே கதையைப் பின்தொடர்ந்தார்கள். அடுத்த முறை கொஞ்சம் படித்துவிட்டுப் போனேன். அந்தப் படிப்பைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: எந்த நாடகம் என்று முடிவு செய்யுங்கள்

ஜாவாவில் பயணிகள் பார்க்கக்கூடிய நாட்டிய நாடகங்கள் முக்கியமாக இரண்டு வகை. பழையது வாயாங் வோங். தோல்பாவைகள் ஆடிய கதையை மனிதர்களே ஆடுவது, அரண்மனையில் வளர்ந்தது. இதில் வசனம் உண்டு, அதுவும் ஜாவா மொழியில். சோலோ நகரத்தின் ஸ்ரீவெடாரி அரங்கில் இதை வாரத்தின் பெரும்பாலான இரவுகளில் பார்க்கலாம். டிக்கெட் மிக மலிவு. உள்ளூர்க் குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். செமார் என்ற தொந்திக் கோமாளியும் அவர் பிள்ளைகளும் மேடைக்கு வந்தால் அரங்கமே சிரிக்கும். நம் கூத்தின் கட்டியங்காரனைப் பார்த்தவர்களுக்கு செமாரை உடனே பிடித்துவிடும். ஆனால் நகைச்சுவை முழுவதும் மொழியில்தான் இருக்கிறது.

மற்றது செந்த்ராதாரி. கலை, நாடகம், நடனம் என்று பொருள்படும் மூன்று இந்தோனேசியச் சொற்களை ஒட்டிச் செய்த பெயர். 1961இல் யோக்யகர்த்தா நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள பிரம்பானான் கோயில் அருகே தொடங்கியது. மொழி தெரியாதவரும் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வசனத்தை எடுத்துவிட்டு நடனத்தையும் இசையையும் மட்டும் வைத்தார்கள். முதல்முறை போகிறவர் இதில் தொடங்குவதுதான் நல்லது. இனி நான் சொல்வதெல்லாம் இதைப் பற்றித்தான்.

படி 2: மாதத்தைப் பாருங்கள்

மே முதல் அக்டோபர் வரை மழை குறைந்த காலம். அப்போதுதான் திறந்தவெளி மேடையில் ஆடுவார்கள். பின்னால் விளக்கொளியில் 47 மீட்டர் உயரச் சிவன் கோயில் நிற்கும். மற்ற மாதங்களில் அதே வளாகத்தில் உள்ள திரிமூர்த்தி என்ற மூடிய அரங்கில் நடக்கும். ஆட்டம் அங்கும் குறைவில்லை, ஆனால் கோயில் தெரியாது, ஆடுபவர்களும் குறைவு. விமானச் செலவு செய்து போகிறவர் மழைக்காலத்தைத் தவிர்க்கலாம் என்பது என் கருத்து.

தினமும் ஆட்டம் கிடையாது, வாரத்தில் சில நாட்கள்தான். நாள் பட்டியலைப் பார்த்துவிட்டு மற்ற பயணத்தை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். வழக்கமான இரவுகளில் சுயம்வரம் முதல் தீக்குளிப்பு வரை முழுக் கதையையும் இரண்டு மணி நேரத்தில் ஆடி முடிப்பார்கள். பௌர்ணமியை ஒட்டிக் கதையைப் பகுதிகளாகப் பிரித்துப் பல இரவுகளாக ஆடும் வழக்கமும் உண்டு. ஒரே இரவு தங்குகிறவர் தெரியாமல் அந்த நாட்களில் போனால் கதையின் ஒரு துண்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.

படி 3: இருக்கை

டிக்கெட்டில் பல வகுப்புகள். மேடைக்கு நேர் எதிரே உள்ளவை விலை அதிகம், பக்கவாட்டில் உள்ளவை குறைவு. முதல் வரிசைக்காகப் பணத்தைக் கொட்ட வேண்டாம். மேடை மிக அகலமானது. முழு ஆட்டத்தில் கலைஞர்கள் ஏறக்குறைய இருநூறு பேர். குரங்குப் படை இரு பக்கமும் பரவும்போது முன்னால் இருப்பவர் டென்னிஸ் பார்ப்பதுபோலத் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நடுப் பகுதியில், கொஞ்சம் மேலே ஏறி உட்கார்ந்தால் படையும் தெரியும், கோயிலும் தெரியும். படிகள் கல்லால் ஆனவை. இரண்டு மணி நேரத்தில் இடுப்பு அதை நினைவூட்டும். மடித்த துண்டு ஒன்று கொண்டுபோங்கள். ஜூலை, ஆகஸ்ட் இரவுகளில் குளிர் இருக்கும், ஒரு சால்வையும் வேண்டும். கொசுவுக்கு ஏதாவது தடவிக்கொள்ளுங்கள்.

படி 4: பகலிலேயே கோயிலுக்குப் போங்கள்

இந்தப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிரம்பானான் ஒன்பதாம் நூற்றாண்டுக் கோயில். சிவன் கோயிலின் சுற்றுப் பாதையில் உள் கைப்பிடிச் சுவர் முழுவதும் ராமாயணம் செதுக்கப்பட்டிருக்கிறது. கிழக்கு வாயிலில் ஏறி வலம் வர வேண்டும். ஆதிசேடன் மேல் திருமால் அமர்ந்திருக்கும் காட்சியில் கதை தொடங்குகிறது. சிவன் கோயிலைச் சுற்றி முடித்தபின் மிச்சக் கதை பிரம்மா கோயிலில் தொடர்கிறது. இரவில் பார்க்கப் போகும் காட்சிகளைப் பகலில் கல்லில் பார்த்துவிட்டால், மேடையில் யாரும் பேசாதது ஒரு குறையாகவே தோன்றாது.

கருவறைகளையும் விடாதீர்கள். நடுவில் சிவன், வடக்கே துர்க்கை, மேற்கே பிள்ளையார். தெற்கே தாடியும் தொந்தியுமாக நிற்பவர் அகத்தியர். நம் பொதிகை மலைக்காரர் இத்தனை கடல் தாண்டி நிற்பதைப் பார்த்ததும் ஊர்க்காரரைச் சந்தித்ததுபோல் இருந்தது. மேலே ஏறுவதற்குச் சில நேரங்களில் கட்டுப்பாடு இருக்கும், நுழைவாயிலிலேயே கேட்டுவிடுங்கள். மாலை ஐந்தரை, ஐந்தே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும். ஆட்டம் ஏழரை மணி வாக்கில்தான்.

படி 5: போக்கும் வரவும், நடுவில் சாப்பாடும்

யோக்யகர்த்தா நகரத்திலிருந்து கோயில் கிழக்கே 17 கிலோமீட்டர். பகலில் போவதற்கு நகரப் பஸ் போதும். திரும்புவதில்தான் சிக்கல். ஆட்டம் முடியும்போது பஸ் இருக்காது, எல்லோரும் ஒரே நேரத்தில் கைபேசியில் கார் தேடுவார்கள். முதல் முறை நான் வாகன நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் நின்றேன். தங்கும் விடுதியிலேயே போக வரச் சேர்த்து ஒரு காரைப் பேசிக்கொள்வது உத்தமம்.

இடையில் கிடைக்கும் நேரத்தில் சாப்பிட்டுவிடுங்கள். அந்த ஊர்ச் சிறப்பு குடெக்: இளம் பலாக்காயைத் தேங்காய்ப் பாலிலும் பனை வெல்லத்திலும் மணிக்கணக்கில் வேகவைத்தது. பலாக்காய்தானே என்று சைவ உணவுக்காரர்கள் நம்பிவிடக் கூடாது. பக்கத்தில் சிவப்பாக, மெத்தென்று வைப்பார்களே, அது கிரெசெக், மாட்டுத் தோல். சைவர்களுக்கு தெம்பே (புளிக்கவைத்த சோயா கட்டி), தாஹு (டோஃபு) இரண்டும் கைகொடுக்கும். “தன்பா டாகிங்” என்றால் இறைச்சி வேண்டாம் என்று பொருள்.

படி 6: உடலைப் படியுங்கள்

இதுதான் பாடத்தின் மையம். பரதநாட்டியம் பார்த்துப் பழகிய கண் முகத்தையும் கை முத்திரையையும் தேடும். இங்கே முகத்தில் ஒன்றும் கிடைக்காது. முகம் அசையாமல் இருப்பதுதான் இங்கே உயர்வு. பார்க்க வேண்டியது கால்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை.

கால்கள் நெருக்கம், கை தாழ்வு, பார்வை தரையில், அசைவு நீர் ஓடுவதுபோல் நிற்காமல்: இது அலுஸ் என்ற மென்மையான பாணி. ராமனும் லெஸ்மானாவும், அதாவது இலக்குவனும், இப்படித்தான். கால்கள் அகன்று, தொடை உயர்ந்து, மார்பு விரிந்து, பார்வை நேராக வந்தால் காகா என்ற வீரப் பாணி. ரஹ்வானா, அதாவது ராவணன், இதில் வருவான். பத்துத் தலையெல்லாம் இல்லை; ஒரே தலைதான். அந்தக் கால் வீச்சே மிச்ச ஒன்பதுக்கும் ஈடு. சிந்தா, அதாவது சீதை, பெண் பாணியில் முழங்காலை மடித்து, பாதம் தரையை விட்டுப் பெரிதாக எழாமல் நகர்வாள். குரங்குகள் மட்டும் இந்த இலக்கணத்திலிருந்து தப்பித்துக் கரணம் அடிக்கும், சொறிந்துகொள்ளும். வெள்ளை உடையில் வருபவர் அனோமன், சிவப்பு சுக்ரீவன்.

இடுப்பிலிருந்து தொங்கும் நீண்ட துணியைக் கவனியுங்கள். அதன் பெயர் சம்பூர். விரல் நுனியால் எடுத்து, ஒரு கணம் பிடித்து, மணிக்கட்டைச் சுண்டி விடுவார்கள். தரையில் விழுமுன் அது காற்றில் ஒரு வளைவு போடும். கோபமோ தவிப்போ விலகலோ, எல்லாம் அந்தச் சுண்டலின் வேகத்தில் இருக்கிறது. ரஹ்வானா தன்னை மறந்து சிந்தாவை நினைத்து ஆடும் இடத்தில் அவன் முகத்தைப் பார்க்காதீர்கள், விரல்களைப் பாருங்கள். அவ்வளவு பெரிய உடம்பு, துணியின் ஓரத்தைப் பூப்போல எடுக்கும்.

ராமனையும் லெஸ்மானாவையும் பிரித்தறிய ஓர் எளிய வழி: முதல் காட்சியான மந்திலி நாட்டுச் சுயம்வரத்தில் வெல்பவன் ராமன். அப்போதே அவன் கிரீடத்தையும் உடையின் நிறத்தையும் மனத்தில் குறித்துவிடுங்கள். நான் அந்த நேரத்தில் கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

படி 7: பெரிய கோங்குக்குக் காத்திருங்கள்

இசைக்குழு கமெலான். வெண்கலத் தகடுகள், குடம் கவிழ்த்ததுபோன்ற மணிகள், கோங்கு எனப்படும் தொங்கும் பெரிய வட்டத் தட்டுகள். ஒரு குழுவின் வாத்தியங்கள் தங்களுக்குள் மட்டுமே சுருதி சேர்ந்தவை. ஒன்றை எடுத்து வேறு குழுவில் வைத்தால் ஒட்டாது. அதனால் முதலில் காதுக்கு அந்நியமாக இருக்கும். இசை முழுவதையும் பிடிக்க முயல வேண்டாம். எல்லாவற்றிலும் பெரிய கோங்கின் அடிக்கு மட்டும் காத்திருங்கள். தாளச் சுற்று ஒன்று முடியும்போது அது விழும், காதைவிட வயிற்றுக்குத்தான் அதிகம் கேட்கும். ஆடுபவரின் அசைவு அந்த அடியில் வந்து உட்காருவது தெரியத் தொடங்கியதும் பாதி வேலை முடிந்தது. இடையிடையே ‘டக் டக்’ என்று கேட்பது கெப்ராக் என்ற மரப்பெட்டி. ஆடுபவர்களுக்கு அதுதான் சைகை.

படி 8: கதை விலகும் இடங்கள்

தங்க மான் பின்னால் ராமன் போனதும் இலக்குவன் போடுவது கோடு அல்ல, வட்டம். சிந்தாவைச் சுற்றி வரைந்துவிட்டுப் போவான். அசோகவனத்தில் துணையிருக்கும் த்ரிஜாதா இங்கே விபிசானாவின் மகள். வால்மீகியை மட்டும் படித்தவர்கள் திகைப்பார்கள், கம்பனைப் படித்தவர்கள் திகைக்க மாட்டார்கள். கம்பனிலும் திரிசடை வீடணன் மகள்தானே.

கும்பகர்ணனிடம் தனிக் கவனம் வையுங்கள். ஜாவாவில் அவன் தூங்குமூஞ்சி அரக்கன் அல்ல. அண்ணன் செய்தது தவறு என்று தெரிந்தும் நாட்டுக்காகப் போருக்குப் போனவன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சோலோவின் மங்குநெகாரான் சிற்றரசை ஆண்ட நான்காம் மங்குநெகாரா, போர்வீரர்களுக்கு முன்மாதிரியாக மூன்று பேரைப் பாடினார். அதில் ஒருவன் இவன், இன்னொருவன் கர்ணன். அம்பு பட்டு அவன் சாயும்போது பார்வையாளர்களில் உள்ளூர்க்காரர்கள் இருக்கும் பக்கம் சட்டென்று அமைதியானதைக் கவனித்தேன்.

எல்லோரும் கேமராவைத் தூக்கும் இடம் இலங்கை எரிவது. மேடையில் வைத்திருக்கும் வைக்கோல் குடில்கள் உண்மையாகவே எரியும். தீக்குள்ளிருந்து அனோமன் பாய்ந்து வருவார். சில வரிசைகள் தள்ளி இருந்த எனக்கே கன்னத்தில் சூடு தெரிந்தது. அந்த ஒரு நிமிடம் படம் எடுக்காமல் பாருங்கள். எப்படியும் ஃபிளாஷ் போடக் கூடாது, ஆடுபவர் கண்ணைக் கூசும்.

படி 9: முடிந்தபின்

உடனே எழுந்து ஓடாதீர்கள். ஆட்டம் முடிந்ததும் கலைஞர்களோடு நின்று படம் எடுத்துக்கொள்ள விடுவார்கள். அருகில் போனால்தான் தெரியும், பலர் மிக இளையவர்கள். மையெழுதிய கண்ணோரம் வியர்வை வழியும். “மத்தூர் நுவுன்” என்று ஜாவா மொழியில் நன்றி சொல்லுங்கள், ரஹ்வானாகூடச் சிரித்துவிடுவான்.

என் முதல் பயணத்துப் படம் இன்னும் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. ராமனோடு தோளோடு தோள் நிற்கிறேன் என்று ஒரு வருடம் எல்லோரிடமும் காட்டினேன். அது லெஸ்மானா.