விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும் செயலிகள்: ஒருங்குறியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வருபவர்களின் சி++ நிரல்களைச் சரிபார்க்கும்போது, லினக்ஸிலும் மேக்கிலும் ஒழுங்காக ஓடும் செயலி விண்டோஸில் மட்டும் தமிழைக் கண்டதும் தடுமாறுவதைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். எழுத்துரு இல்லாமல் கட்டங்கள் தெரிவது போன்ற பிழைகள் திரையிலேயே தெரிந்துவிடும். அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

கோப்பைத் திறக்கும் எஃப்ஓப்பன் (fopen) சார்பிடம் பாதையை அப்படியே கொடுப்பது

அண்மையில் ஒரு கணக்குச் செயலியைச் சோதித்தோம். பயனர் தம் விண்டோஸ் கணக்குக்கு 'முருகன்' என்று தமிழிலேயே பெயரிட்டிருந்தார். செயலியின் பதிவுக் கோப்பைத் திறந்தால், பாதையில் அந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு கேள்விக்குறிகள் இருந்தன. எழுத்து நான்குதான் என்றாலும், உகரக் குறி இரண்டும் புள்ளியும் தனித்தனிக் குறியெண்கள். கோப்புப் பெயரில் கேள்விக்குறியை விண்டோஸ் ஏற்பதில்லை என்பதால் கோப்பு திறக்கவே இல்லை. நிரலோ அதைச் சரிபார்க்காமல் 'சேமிக்கப்பட்டது' என்று அறிவித்தது. பயனரின் ஒரு நாள் உழைப்பு போயிற்று.

லினக்ஸ் பாதையை வெறும் பைட்டுகளாகவே எடுத்துக்கொள்கிறது. விண்டோஸோ அதைத் தன் பழைய குறிமுறைப் பக்கத்தின் (எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணை) வழியே படிக்கிறது. ரஷ்ய மொழிக்கு 1251, ஜப்பானிய மொழிக்கு 932 என்று பக்கங்கள் உண்டு. தமிழுக்கென்று அப்படி ஒன்று கிடையாது. ஆகவே "கணினியின் மொழி அமைப்பை மாற்றிப் பாருங்கள்" என்று பயனரிடம் சொல்வது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது.

ஒருங்குறி எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறைகளில் ஒன்றான யுடிஎஃப்-8ஐச் செயலிக்குள் எங்கும் வைத்துக்கொண்டு, விண்டோஸை அழைக்கும் இடத்தில் மட்டும் மற்றொரு முறையான யுடிஎஃப்-16 ஆக மாற்றி, அதை ஏற்கும் அகல எழுத்துச் சார்புகளை அழையுங்கள். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து, செயலியின் மேனிஃபெஸ்டிலேயே (செயலியின் தேவைகளை விண்டோஸுக்குச் சொல்லும் கோப்பு) யுடிஎஃப்-8 என்று அறிவிக்கவும் வழி உண்டு. அதற்கு முந்தைய பதிப்புகளில் அந்த அறிவிப்பு செல்லாது.

பெயர்களைப் பைட்டுக்குப் பைட் ஒப்பிடுவது

மேக்கின் பழைய கோப்பு முறைமையான எச்எஃப்எஸ்+ (HFS+) கொண்ட வட்டுகள் 'கோவை' என்ற பெயரிலுள்ள ஓகாரக் குறியை ஏகாரக் குறியாகவும் காலாகவும் பிரித்தே சேமிக்கும். ஆறு பைட்டாக எழுதிய 'கோ' ஒன்பது பைட்டாகத் திரும்பி வரும். ஒப்பிடும் முன் இரண்டு பெயர்களையும், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி (NFC) வடிவுக்குக் கொண்டுவர வேண்டும்.

மூலநிரலின் குறிமுறையைச் சொல்லாமல் விடுவது

மூலநிரலை யுடிஎஃப்-8 ஆகப் படிக்கும்படி மைக்ரோசாஃப்ட் கம்பைலருக்குச் சொல்லும் /யுடிஎஃப்-8 (/utf-8) தெரிவை, செயலியை உருவாக்கும் விதத்தை விவரிக்கும் சிமேக் (CMake) கோப்பிலேயே எழுதிவிடுங்கள்.

அகல எழுத்து வகையான டபிள்யூசார்_டி (wchar_t) எங்கும் ஒரே அளவு என்று நம்புவது

விண்டோஸில் 16 பிட்; லினக்ஸிலும் மேக்கிலும் 32.

ஆங்கிலப் பெயர்க் கோப்புறைகளில் மட்டும் சோதிப்பது

ஒவ்வொரு தளத்தின் பில்டிலும் (மூலநிரலிலிருந்து செயலியை உருவாக்கும்போது), 'கௌரி கோப்புகள்' போன்று ஔகாரமும் இடைவெளியும் உள்ள கோப்புறைக்குள் ஒரு கோப்பை எழுதி, மூடி, மீண்டும் திறந்து படிக்கும் சோதனை தானாக ஓட வேண்டும். அது தோற்றால் பில்டும் நிற்க வேண்டும்.