கண்மாயில் தொடங்கித் துருவம் வரை: செயற்கைக்கோள் படத்தில் பனியைப் படிக்கும் முறை

துருவப் பனியைச் செயற்கைக்கோள் வழியே கவனிக்க விரும்புகிறவர் முதலில் இரண்டைப் பிரித்தறிய வேண்டும். கடல்நீரே உறைந்து மிதப்பது கடற்பனி. கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் காலங்காலமாகப் பெய்த பனி இறுகி, நிலத்தின்மேல் கிலோமீட்டர் கணக்கில் தடித்துக் கிடப்பது பனிவிரிப்பு. மிதக்கும் பனி உருகினால் கடல்மட்டம் ஏறக்குறைய மாறாது. நிலத்துப் பனி உருகிக் கடலில் சேர்ந்தால், நம் தொண்டிக் கரை வரை நீர் உயரும். ஆகவே முன்னதன் பரப்பையும் பின்னதன் உயரத்தையும் எடையையும் அளக்கிறோம். அதற்கேற்ப உணரியும் மாறுகிறது.

பயிற்சியைச் செட்டிநாட்டிலேயே தொடங்கலாம். ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் படங்கள் கோப்பர்நிக்கஸ் பிரௌசர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் காரைக்குடிப் பக்கம் ஐப்பசி மழைக்குப் பின் நிறைந்த ஒரு கண்மாயைத் தேடுங்கள். காற்று அடங்கிய நேரத்துப் படமானால் நீர் கறுத்திருக்கும்; ரேடார் அலை சமதளமான நீரில் பட்டு அப்பால் தெறித்துவிடுவதே காரணம். நெருங்கி நிற்கும் வீடுகளின் சுவர்கள் அலையைத் திருப்பி அனுப்புவதால் ஊர் வெளுத்துத் தெரியும். ஆகாயத்தாமரை மண்டிய கரையோரமோ நீரைப்போல் கறுக்காது. இந்த மூன்றையும் கண் பிரித்தறியும் வரை துருவத்துக்குப் போக வேண்டாம்.

துருவத்தில் ஆறு மாத இருளிலும் மேகத்திலும் ரேடார் வேலை செய்யும் என்பதே அதன் பெருமை. ஆனால் காற்று கடலைக் கலைத்தால் திறந்த நீரும் பனியைப்போல வெளுத்துவிடும். நானும் தொடக்கத்தில் அப்படிப்பட்ட கடல்பரப்பொன்றைப் பனி என்றே குறித்து, மறுநாள் படத்தில் அது மறைந்திருந்ததைக் கண்டு திருத்தினேன். கிடைமட்டமாக அனுப்பிய அலையைக் கிடைமட்டமாகவே பெறும் எச்எச் படத்தை மட்டும் நம்பாமல், அதைச் செங்குத்தாகப் பெறும், காற்றின் தாக்கம் குறைவான எச்வி படத்தையும் அருகில் வைத்துப் பார்ப்பதே பாதுகாப்பு.

மொத்தப் பரப்புக்கு நுண்ணலை உணரிகளின் தரவே ஆதாரம். கடல்நீரைவிடப் பனி அதிக நுண்ணலையை வெளியிடுவதால் இரண்டையும் பிரித்தறிய முடிகிறது; இவ்வகையில் 1978 இறுதியிலிருந்து தொடர்ச்சியான பதிவு நம்மிடம் உள்ளது. இதில் வழக்கமான ஒரு கட்டம் 25 கிலோமீட்டர்; காரைக்குடியும் தேவகோட்டையும் ஒரே கட்டத்தில் அடங்கிவிடக்கூடிய அளவு. அதில் 15 சதவீதமாவது பனி இருந்தால் முழுக் கட்டமும் பனிப்பரப்பாகக் கணக்கிடப்படும். கோடையில் பனியின்மேல் தேங்கும் உருகுநீர் திறந்த கடலாகத் தோன்றி மதிப்பைக் குறைத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பனிவிரிப்பின் உயரத்துக்கு, 2018இல் ஏவப்பட்ட ஐஸ்சாட்-2 நொடிக்கு 10,000 லேசர் துடிப்புகளை அனுப்புகிறது. அடர்ந்த மேகம் அதை மறைக்கும். 2010 முதல் இயங்கும் கிரையோசாட்-2இன் ரேடாருக்கு மேகம் தடையில்லை, ஆனால் அலை மேற்பனிக்குள் சற்று ஊடுருவுவதால் திருத்தம் தேவை. எடைமாற்றத்தை ஈர்ப்புவிசை கொண்டு கிரேஸ்-எஃப்ஓ இரட்டைக் கோள்கள் அளக்கின்றன. பனி நகரும் வேகத்துக்கு, 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற இந்திய-அமெரிக்க ரேடார் செயற்கைக்கோள் நிசார் உதவும்.

எதை ஒப்பிட்டாலும் செப்டம்பரைச் செப்டம்பரோடுதான் வைக்க வேண்டும். ஆர்க்டிக் கடற்பனி ஆண்டின் மிகக் குறைந்த அளவுக்கு வருவது அம்மாதத்தில்தான், 2012இல் அது சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. ஒவ்வொரு குறிப்பின் பக்கத்திலும் தேதி, உணரி, கட்ட அளவு மூன்றையும் எழுதி வையுங்கள்.