ஏழு மணியிலிருந்து ஐந்து மணிக்கு

ஏழு மணிக்கு எழுபவர் நாளையே ஐந்துக்கு அலாரம் வைத்தால் ஒரு வாரம் தாங்காது. மன உறுதி குறைவென்று நொந்துகொள்ள வேண்டாம்; தூக்கம்தான் குறைகிறது. நான்கு நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் மட்டும் முன்னே நகர்த்துங்கள். இரண்டு மணி நேரம் நகர 32 நாள் ஆகும். படுக்கும் நேரத்தையும் அதே அளவு முன்னே கொண்டுவர வேண்டும். பெரும்பாலானோர் கோட்டை விடுவது இங்கேதான். செல்போனைக் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். விடிந்ததும் ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தை உள்ளே விடுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம்தான்.

பல் துலக்கியதும் அன்று முடிக்க வேண்டிய ஒரே ஒரு வேலையைக் காலண்டர் தாளில் எழுதுங்கள். பட்டியல் போட்டால் கடினமானது கடைசிக்குத் தள்ளப்படும்.

21 நாளில் பழக்கம் படியும் என்பதை நம்பாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் செய்த ஆய்வில் சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை மாறியது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆகவே தவறினால் மறுநாளே தொடருங்கள்.

உங்களுக்குக் கீழே நான்கு பேர் வேலை செய்தால், காலையில் பத்து நிமிடம் நின்றபடியே பேசுங்கள்: நேற்று முடிந்தது என்ன, இன்று என்ன, எங்கே தடை? தடையை அன்றே நீக்கிக் கொடுங்கள்.