ஃப்ரான்ஷீஸ் என்றால் கிளைக்கடை இல்லை: சுவிஸுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வேலை விசாவில் சூரிச்சுக்கு வருகிற நம்மூர்ப் பிள்ளைகளுக்கு அரிசி, இஞ்சி, குக்கர் பற்றி ஏற்கெனவே பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். பதிவு வேலைகளை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். வந்து 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும். பாஸ்போர்ட், வேலை ஒப்பந்தம், வாடகை ஒப்பந்தம், கல்யாணமானவர் என்றால் திருமணச் சான்றிதழ். வீட்டு அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, அதுவும் உங்கள் பெயரிலேயே தனிக் கணக்கில் கிடக்கும். சென்னையில் பத்து மாதம் கொடுத்துப் பழகியவருக்கு இது சொர்க்கம். அப்புறம், மூன்று மாதத்துக்குள் மருத்துவக் காப்பீடு. நான் குழியில் விழுந்தது இங்கேதான்.

காப்பீட்டுப் படிவத்தில் ‘ஃப்ரான்ஷீஸ்’ என்று ஒரு கட்டம் இருக்கும். எழுத்தில் பார்த்தால் நாம் பிரான்சைஸ் என்போமே, அதே எழுத்துகள்தான். எனக்கு அந்தச் சொல் என்றால் பிரியாணிக் கடைக் கிளையும் ஐபிஎல் அணியும்தான். கட்டத்தில் 300, 500, 1000, 1500, 2000, 2500 என்று எண்கள். 2500ஐத் தொட்டால் மாதப் பிரீமியம் நூற்றுச் சொச்சம் பிராங்க் குறைந்தது. அதிகக் காப்பீடு, குறைந்த விலை, நல்ல கம்பெனிதான் போல என்று சந்தோஷமாக அதையே தேர்ந்தெடுத்தேன். ஊரில் ஒரு காய்கறிக்காரர் அப்படித் தந்தால் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்திருப்பேன். இங்கே பார்க்கவில்லை.

அந்த எண் கம்பெனி நமக்குத் தருவது இல்லை. ஒரு வருடத்தில் முதல் 2500 பிராங்க் வரைக்கும் டாக்டர், மருந்து, ஸ்கேன் எல்லாம் நம் கைக்காசு. அதைத் தாண்டியும் பத்து சதவீதம் நம்முடையது, அது வருடத்துக்கு 700 பிராங்க் ஆகும் வரை. பழைய பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு விடுதலை, விலக்கு என்று பொருள். அதிலிருந்து ஆங்கிலத்தில் ஓட்டுரிமையும் கடை நடத்தும் உரிமையும் வந்தன, பிரெஞ்சில் ஒளிவுமறைவற்ற பேச்சு என்ற பொருளும் வந்தது. காப்பீட்டில் விடுதலை கம்பெனிக்கு.

நான் வந்தது ஆகஸ்டில். நவம்பர் நடுவில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு இடுப்பில் கத்தி செருகியது போல வலி. ஆஸ்பத்திரி வாசலில் பலகை ‘நாட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளோடு ஆரம்பித்தது. ‘இங்கே இல்லை’ என்கிறார்களாக்கும் என்று அடுத்த வாசலுக்கு நடந்தேன். ஜெர்மனில் அந்த மூன்று எழுத்துக்கு ஆபத்து, அவசரம் என்று பொருள். அவசரப் பிரிவைத் தாண்டித்தான் நடந்துபோயிருக்கிறேன், குனிந்தபடியே.

சிறுநீரகக் கல். ஊசி, ஸ்கேன், விடியற்காலையில் வீடு. பில் வந்தது டிசம்பர் நடுவில்: 3,100 பிராங்க். அதில் என் பங்கு 2,560. மறுபடி மறுபடி கூட்டிப் பார்த்தேன். பிறகு லாங்ஸ்ட்ராசே பக்கத்துத் தமிழ்க் கடையில் பில்லை நீட்டினேன். கடைக்கார அண்ணா யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே வந்து முப்பது வருடமாகிறது.

“தம்பி, உங்கட ஃப்ரான்ஷீஸ் எவ்வளவு?”

“2500 அண்ணா.”

“ஐயோ! அது நீங்கள் கட்டுற காசு, அவங்கள் தாற காசில்லை. அடுத்த வருசத்துக்குக் குறைக்கிறதெண்டா நவம்பர் 30க்குள்ள கடிதம் போயிருக்க வேணும். மனுசிக்குச் சொல்லாதேங்கோ, பேசுவா.”

அவர்கள் பேச்சில் ‘மனுசி’ என்றால் மனைவி, ‘பேசுவா’ என்றால் திட்டுவாள். பேசுவதற்கு ‘கதைக்கிறது’. வந்த புதிதில் அவரிடம் “நாளைக்கு வந்து உங்களோடு பேசுகிறேன்” என்று சொன்னபோது ஏன் அப்படிப் பார்த்தார் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. நமக்குள்ளேயே இப்படி என்றால் ஐரோப்பாக்காரர்களைக் குறை சொல்லி என்ன பயன்.

இதில் இரண்டாவது அடியும் உண்டு. கணக்கு காலண்டர் வருடத்துக்கு. ஜனவரி 1 அன்று மீட்டர் மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். கல்லை உடைத்து எடுக்க எனக்குக் கிடைத்த தேதி ஜனவரியில். பில் 5,500. புது வருடத்துக்குப் புது 2500, அதன் மேல் பத்து சதவீதமாக 300. இரண்டு மாதத்துக்குள் ஒரே கல்லுக்கு 5,360 பிராங்க். 300 என்ற கட்டத்தைத் தொட்டிருந்தால் மொத்தமே 1,400தான்.

எனவே படிவத்தை நிரப்புமுன் ஒன்று செய்யுங்கள். வருடத்துக்கு மருத்துவச் செலவு சுமார் 2000 பிராங்கைத் தாண்டும் என்று தோன்றினால் 300, இல்லையென்றால் 2500. நடுவில் உள்ள எண்கள் பெரும்பாலும் லாபமில்லை. சர்க்கரை, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் யோசிக்கவே வேண்டாம். 2500ஐ எடுத்தால் அந்தப் பணத்தை வங்கியில் தொடாமல் வையுங்கள். பிரசவச் செலவில் இப்படி நம் கைக்காசுப் பங்கு கிடையாது. வாரம் 8 மணி நேரமாவது ஓரிடத்தில் வேலை என்றால் விபத்துக் காப்பீடு முதலாளி பொறுப்பு, மருத்துவக் காப்பீட்டில் அதற்குத் தனியாகக் கட்டாதீர்கள். அடிப்படைக் காப்பீடு எல்லாக் கம்பெனியிலும் சட்டப்படி ஒன்றேதான், விலைதான் வேறு. அரசாங்கத்தின் பிரிம்இன்ஃபோ தளத்தில் ஒப்பிடலாம். போனில் கூப்பிட்டு இனிக்க இனிக்கப் பேசும் ஏஜென்டை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

மற்ற சொற்கள் பணம் பறிக்காது, சிரிக்கத்தான் வைக்கும். ‘கிஃப்ட்’ என்று எழுதிய டப்பாவைப் பரிசு என்று தூக்காதீர்கள், ஜெர்மனில் அது விஷம். வரதட்சணைக்கான ஜெர்மன் சொல்லின் வாலிலும் அதே ‘கிஃப்ட்’ இருக்கிறது, யாரோ அனுபவப்பட்டவர் வைத்த பெயர் போல. வெண்ணெய்ப் பொட்டலத்தில் இத்தாலியில் ‘புர்ரோ’ என்று இருக்கும்; ஸ்பானிஷ்காரருக்கு அது கழுதை. ரொட்டிப் பொட்டலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் பி, ஏ, ஐ, என் என்று எழுதியிருப்பார்கள். ஆங்கிலத்தில் வலி, அவர்களுக்கு ரொட்டி. ஆபரேஷன் முடிந்து வந்த வாரம் தினமும் காலையில் அந்தப் பொட்டலத்தைத்தான் பிரித்தேன்.

அடுத்த நவம்பரில் மறக்காமல் 300க்கு மாற்றினேன். மாதாமாதம் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒரு தும்மல்கூட வரவில்லை.