வேலையிடத்தில் இனப் பாகுபாடு: சிங்கப்பூரில் உடன் பணிபுரிபவர் செய்யக்கூடியவை

சிங்கப்பூர் அலுவலகங்களில் இனப் பாகுபாடு சண்டையாக வருவது குறைவு. பெரும்பாலும் அது வேடிக்கைப் பேச்சாகவே வருகிறது. "விளக்கை அணைத்தால் உன்னைத் தேட வேண்டியிருக்கும், கொஞ்சம் சிரி" என்ற கேலியை இங்கே பள்ளிக்குப் போன தமிழர்களில் கேட்காதவர் அரிது. சொன்னவர் விளையாட்டுக்குச் சொன்னதாகக் கூறுவார். கேட்டவர் எதற்கு வம்பு என்று தாமும் சிரித்து வைப்பார். சுற்றியிருப்பவர்கள் அவர் சிரித்ததையே சாக்காகக் கொண்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். இந்த வழிகாட்டி அந்தச் சுற்றியிருப்பவர்களுக்காக எழுதப்படுகிறது.

சட்டம் வந்துவிட்டதே, இனி அது பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2027 இறுதிவாக்கில் நடைமுறைக்கு வரும் என்று அறிவிக்கப்பட்டுள்ள வேலையிட நியாயச் சட்டம், ஆளெடுப்பு, பணி மதிப்பீடு, பதவி உயர்வு, பயிற்சி, பணிநீக்கம் ஆகியவற்றில் முதலாளி எடுக்கும் முடிவுகளைப் பற்றியது. இனம், மதம், மொழித்திறன், குடியுரிமை முதலியவற்றைக் காரணமாக வைத்து அத்தகைய முடிவை எடுப்பதை அது தடை செய்கிறது. மதிய உணவு மேசையில் சொல்லப்படும் கேலியோ, கூட்டத்தில் ஒருவருக்குப் புரியாத மொழிக்குத் தாவுவதோ அதன் எல்லைக்குள் எளிதில் வராது. தொடர்ந்து துன்புறுத்தினால் 2014ஆம் ஆண்டின் தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டம் உதவக்கூடும் என்றாலும், நீதிமன்றம் வரை போகாத நூறு சின்ன விஷயங்களைக் கவனிக்க அங்கேயே இருப்பவர்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

கேலி காதில் விழுந்த அந்தக் கணத்தில் நீண்ட அறிவுரை வேண்டாம். "இதில் சிரிக்க என்ன இருக்கிறது, எனக்குப் புரியவில்லையே" என்று சாதாரணக் குரலில் கேட்பதே போதும். தம்முடைய வேடிக்கையைத் தாமே விளக்க வேண்டி வரும்போது பெரும்பாலோர் தடுமாறிப் பின்வாங்கிவிடுவார்கள். "நீ இனவாதி" என்று ஆளைக் குறிவைத்தால் பேச்சு அவருடைய நல்ல குணத்தைப் பற்றியதாகத் திசைமாறிவிடும் என்பதால், சொன்ன சொல்லை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். சொன்னவர் மேலாளராக இருந்து, பலர் முன்னிலையில் பேசுவது சரிப்படாது என்று தோன்றினால், அன்றைக்கே தனியாகச் சந்தித்துச் சொல்லலாம். ஒரு வாரம் கழித்துச் சொன்னால், அப்படியா சொன்னேன் என்ற பதில்தான் கிடைக்கும். அதன்பின் பாதிக்கப்பட்டவரிடம் போய், நான் கேட்டேன், அது எனக்குச் சரியாகப் படவில்லை, நீங்கள் என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று கேளுங்கள். அவர் விட்டுவிடுங்கள் என்றால், அவர் பெயரில் நீங்களாகவே புகாரைக் கொண்டுபோகாதீர்கள். விளைவைச் சுமக்கப்போகிறவர் அவர். உங்கள் நியாய உணர்வுக்கு அவர் விலை கொடுக்கக் கூடாது.

கேலியைவிட அதிகமாக ஒருவரை ஒதுக்கிவைப்பது மொழி என்பது என் எண்ணம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் குடியிருப்போரில் 74.3 விழுக்காட்டினர் சீனர், 13.5 விழுக்காட்டினர் மலாய்க்காரர், 9 விழுக்காட்டினர் இந்தியர். எட்டுப் பேர் உள்ள கூட்டத்தில் ஆறு பேர் சீனராக இருப்பது இயல்பு. பேச்சு சூடுபிடிக்கும்போது அது மாண்டரினுக்குத் தாவுவதும் யாரும் திட்டமிட்டுச் செய்வதல்ல. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு முடிவு எடுக்கப்பட்டு, அது புரியாமல் உட்கார்ந்திருந்தவர் மறுநாள் விவரம் தெரியாதவராகக் கணிக்கப்படுகிறார். "ஆங்கிலத்தில் பேசிக்கொள்வோமே, எல்லாருக்கும் புரியட்டும்" என்பதை அந்த மொழி தெரிந்தவரே சொல்வது நல்லது. புரியாதவரே ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டிருந்தால் சிணுங்குபவர் என்ற பெயர் அவருக்குத்தான் வரும். தமிழர் மூவரும் மலாய்க்காரர் ஒருவரும் மின்தூக்கியில் போகும்போது நாம் என்ன மொழியில் பேசுகிறோம் என்பதும் இதே கணக்கில்தான் சேரும்.

நம் பக்கத்துக் குறை இதோடு நிற்பதில்லை. கட்டுமானத் தளத்திலும் துப்புரவுப் பணியிலும் உள்ள பங்ளாதேஷ் ஊழியர்களை "பங்ளா" என்று சுருக்கி அழைப்பது, மலாய்க்காரர் மெத்தனமானவர் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது, இந்தியாவிலிருந்து புதிதாக வந்தவரை "ஊர்க்காரன்" என்று இளக்காரமாகக் குறிப்பது ஆகியவை தமிழ் பேசும் மேசைகளில் கூசாமல் புழங்குகின்றன. சீனர் ஒருவர் சொன்னால் கொதிக்கும் நாம், அதே வகைப் பேச்சை நம்மவர் பேசும்போது அவரிடம் உரிமையோடு "விடுங்கண்ணே, அப்படிச் சொல்லாதீங்க" என்று சொல்ல முடியும். வெளியார் எவருக்கும் கிட்டாத வாய்ப்பு அது.

ஆளெடுப்பிலோ பணி ஒதுக்கீட்டிலோ உங்களுக்குச் சிறு அதிகாரம் இருந்தால், பொறுப்பு கூடுகிறது. வேலை விளம்பரத்தில் ஒரு மொழி தேவை என்று எழுதினால், அது அந்த வேலைக்கு ஏன் தேவை என்பதையும் எழுத வேண்டும் என்று அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி நெறிகள் கூறுகின்றன. மாண்டரின் பேசும் சுற்றுப்பயணிகளை அழைத்துச் செல்லும் வழிகாட்டிக்கு அம்மொழி தேவை, கிடங்கில் சரக்கு எண்ணுபவருக்கு எதற்கு? விண்ணப்பங்களை வடிகட்டும்போது பெயரையும் படத்தையும் மறைத்துவிட்டுப் படியுங்கள். அமெரிக்காவின் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் ஏறத்தாழ 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பி நடத்திய ஆய்வொன்று 2004இல் வெளியானது. வெள்ளையர் பெயர் கொண்டவற்றுக்குக் கறுப்பினத்தவர் பெயர் கொண்டவற்றைவிட 50 விழுக்காடு அதிக அழைப்புகள் வந்தன. நேர்காணலுக்குப் பிறகு எவரேனும் "நம் குழுவுக்கு ஒத்துவரமாட்டார்" என்றால், எந்த வேலையை அவரால் செய்ய முடியாது என்று கேட்டு, பதிலைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு நாள்களில் யார் பணிக்கு வருவது என்ற பட்டியலை ஆண்டுத் தொடக்கத்திலேயே போட்டுவிட்டால், கடைசி நேரத்தில் எப்போதும் ஒரே ஆள் தலையில் அது விடியாது.

பேசித் தீராத நிலையில் எழுத்து வேண்டும். நாள், நேரம், இடம், சொன்ன சொற்கள், உடனிருந்தவர்கள் ஆகியவற்றை அன்றே குறித்து வையுங்கள். "மோசமாகப் பேசினார்" என்பதைவிட அவர் பேசிய வாக்கியத்தை அப்படியே எழுதுவது பயன்படும். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு வழி, அது பலிக்காவிட்டால் தொழிற்சங்கம் அல்லது 2006 முதல் இயங்கிவரும் டாஃபெப் எனப்படும், நியாயமான வேலை நடைமுறைகளுக்கான முத்தரப்புக் கூட்டணி. புதிய சட்டம், புகார்களை விசாரிக்க முறையான ஏற்பாட்டை நிறுவனங்கள் வைத்திருக்க வேண்டும் என்பதோடு, புகார் செய்தவரைப் பழிவாங்குவதையும் தடுக்கிறது. 25 பேருக்குக் குறைவாக உள்ள நிறுவனங்களுக்கு இப்போதைக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ஆனாலும் முத்தரப்பு வழிகாட்டி நெறிகள் அவற்றுக்கும் பொருந்தும் என்பதால், ஆறு பேர் வேலை செய்யும் கடையில் இருப்பவரும் டாஃபெப்பை அணுகலாம். அவர் அணுகும்போது, உடனிருந்து கேட்டவர் என்ற முறையில் உங்கள் குறிப்பையும் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.