கீமோ நாளின் படபடப்புக்கு ஒரு வாசனைக் குழாய்: செய்முறை

கீமோ ஏற்றப்போகும் நாள் காலையிலேயே நெஞ்சு படபடக்கும். டிரிப் ஸ்டாண்டைப் பார்த்ததும் வயிறு புரட்டும். முதல் நாள் ராத்திரி தூக்கமும் வந்திருக்காது. இந்த மூன்றுக்கும் நறுமண எண்ணெயைச் சின்னக் குழாயில் நிரப்பி முகர்ந்தால் ஓரளவு கைகொடுக்கும். அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் சிகிச்சை நடந்த காலம் முழுக்க நான்தான் கூட இருந்தேன். அப்போது செய்து பார்த்து எங்களுக்கு ஒத்துவந்த முறையைத்தான் எழுதுகிறேன்.

எதற்கு உதவாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கட்டியைக் கரைக்காது, வாந்திக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைக்கு மாற்றாகாது. "இந்த எண்ணெய் புற்றுநோய் செல்லைக் கொல்லும்" என்று யாராவது விற்க வந்தால், அவரிடம் லாவெண்டர்கூட வாங்காதீர்கள்.

ஆராய்ச்சி முடிவுகள் கலவையாகத்தான் இருக்கின்றன. ஒருங்கிணைந்த புற்றுநோய் மருத்துவச் சங்கமும் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்கமும் சேர்ந்து 2023-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டன. சிகிச்சையின்போது வரும் பதற்றத்துக்கு லாவெண்டரை முகரக் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறது அது. பரிந்துரையின் வலு குறைவு என்றும் அதிலேயே போட்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்த 313 பேரிடம் நடந்த சோதனை 2003-இல் வெளிவந்தது. அங்கே லாவெண்டர், பெர்கமோட் (எலுமிச்சை வகைப் பழத்தின் எண்ணெய்), சீடர்வுட் கலவை பலன் தரவில்லை. வெறும் கேரியர் ஆயில் (நறுமண எண்ணெயைக் கலந்து நீர்க்கச் செய்யும் சாதா எண்ணெய்) கிடைத்தவர்களே சிகிச்சை முடிவில் பதற்றம் குறைவாக இருந்தார்கள். அந்தச் சோதனையில் யாருக்கு எது என்று குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்தார்கள். சோதனைக்கு அது அவசியம். ஆனால் பிடிக்காத மணத்தை முகர்ந்துகொண்டு படுத்திருப்பவருக்கு எங்கிருந்து அமைதி வரும்? இது என் ஊகம்தான். அதனால்தான் நோயாளியே மணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், வேண்டாம் என்றதும் அதை நிறுத்த முடிய வேண்டும் என்கிறேன். கீழே உள்ளதெல்லாம் இதற்காகத்தான்.

படி 1: டாக்டரிடம் ஒரு வார்த்தை

ஆஸ்துமா, வலிப்பு, ஹார்மோன் சார்ந்த புற்றுநோய் இவற்றில் ஏதாவது இருந்தால் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். லாவெண்டர், டீ ட்ரீ எண்ணெய்களுக்கு ஈஸ்ட்ரோஜன் போன்ற லேசான விளைவு இருப்பதாகச் சில ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அக்காவின் டாக்டர், முகர மட்டும் என்றால் தடையில்லை, தோலில் தேய்க்க வேண்டாம் என்றார். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

படி 2: வாங்க வேண்டியவை

எசென்ஷியல் ஆயில் (செடியிலிருந்து எடுத்த நறுமண எண்ணெய்) என்று போட்டிருக்க வேண்டும். ஃப்ராக்ரன்ஸ் ஆயில் என்றிருந்தால் அது வேறு சரக்கு, வைத்துவிடுங்கள். அடர்பழுப்புக் கண்ணாடிப் புட்டி, தாவரவியல் பெயர், காலாவதி தேதி மூன்றையும் பாருங்கள். லாவெண்டர் என்றால் லவாண்டுலா அங்குஸ்டிஃபோலியா. லாவண்டின் என்பது கலப்பினம். அதில் கற்பூர நெடி தூக்கலாக இருக்கும், கீமோ எடுப்பவர் மூக்கு தாங்காது.

இருபது புட்டி அடுக்கிய பரிசுப் பெட்டி எதற்கும் ஆகாது. சின்ன அளவில் மூன்று போதும்: படபடப்புக்கும் தூக்கத்துக்கும் லாவெண்டர், குமட்டலுக்கு இஞ்சி அல்லது பெப்பர்மின்ட், மூன்றாவதாக ஸ்வீட் ஆரஞ்சு. ஆரஞ்சு வகை எண்ணெய்கள் காற்றுப் பட்டால் சீக்கிரம் கெடும். திறந்து ஒரு வருஷம் ஆகிவிட்டால் தூக்கிப் போடுங்கள்.

அப்புறம் வாசனைக் குழாய். மூக்கடைப்புக்கு உறிஞ்சும் குழாய் உண்டல்லவா, அதே வடிவில் வெறும் குழாயும் பஞ்சுத் திரியும் தனியாகக் கிடைக்கும். அலுமினிய உறைக்குள் கண்ணாடிக் குப்பி வைத்ததுதான் என் தேர்வு. எண்ணெய் பிளாஸ்டிக்கை அரிக்கும். திருகு மூடி இருந்தால் பைக்குள்ளும் மணம் கசியாது. குழாய் கிடைக்காவிட்டால் மூடி உள்ள சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஒரு பஞ்சு உருண்டை போட்டாலும் காரியம் நடக்கும்.

டிஃப்யூசர், அதாவது அறைக்குள் மணத்தைப் பரப்பும் கருவி, வாங்கச் சொல்லி ஆளாளுக்குச் சொல்வார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. அறை முழுக்கப் பரவிய மணத்தைத் திரும்ப எடுக்க முடியாது. குமட்டல் வந்தால் நோயாளிதான் எழுந்து வெளியே போக வேண்டும். தண்ணீர் ஊற்றும் வகையாக இருந்தால் தொட்டியில் கிருமி வளரும். வெள்ளணுக்கள் இறங்கியிருக்கும் நாட்களில் அந்த நீராவி அவருக்கு வேண்டவே வேண்டாம். வாசனை மெழுகுவத்தி, ஊதுவத்தி வகைகளும் இதே காரணத்துக்காகக் கிடையாது, புகை வேறு.

படி 3: மூக்குத் தேர்வு

கீமோ ஏறும் நாளிலும் அடுத்த இரண்டு மூன்று நாட்களிலும் இதைச் செய்யாதீர்கள். அடுத்த சுற்றுக்கு முன்னால், கொஞ்சம் தெம்பாக இருக்கும் நாள் பாருங்கள். காகிதப் பட்டையில் ஒரே ஒரு சொட்டு விட்டு, அரை நிமிஷம் ஆறவிட்டு, பெயர் சொல்லாமல் நீட்டுங்கள். பிடிக்கிறதா, பரவாயில்லையா, எடு எடு என்கிறாரா? "எடு" என்று வந்தால் பேச்சு வளர்க்காமல் எடுத்துவிட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு எண்ணெய் போதும்.

கீமோவில் மூக்கும் நாக்கும் மாறிப்போகும். சிலருக்கு எதைத் தின்றாலும் இரும்பைச் சப்புவது போல இருக்கும், சிலருக்குப் பக்கத்து அறையில் போட்ட சோப்பு நெடிகூடத் தூக்கலாக வரும். போன சுற்றில் பிடித்தது இந்தச் சுற்றில் பிடிக்காமல் போகலாம். ஒவ்வொரு சுற்றுக்கு முன்னாலும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

படி 4: குழாயை நிரப்புவது

திரியை ஒரு கண்ணாடித் தட்டில் வையுங்கள். புட்டியைச் சாய்த்துப் பிடித்தால் சொட்டுச் சொட்டாக விழும், குலுக்கினால் கொட்டும். பொதுவாகச் சொல்லப்படும் அளவு 10 முதல் 15 சொட்டு. நீங்கள் 3 சொட்டில் ஆரம்பியுங்கள். சின்ன இடுக்கியால் திரியை உருட்டி, தட்டில் தேங்கியதையும் ஒற்றி எடுங்கள். ஐந்து நிமிஷம் விட்டு, திரியின் நுனி ஈரமாக மினுங்காமல் இருந்தால் குப்பிக்குள் போட்டு மூடலாம். மினுங்கினால் எண்ணெய் அதிகம். மூக்கில் பட்டால் எரியும். குழாயில் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள்.

நிரப்புகிறவருக்குச் சில நிமிஷத்தில் மூக்கு பழகிவிடும். "மணமே வரவில்லையே" என்று இன்னும் இரண்டு சொட்டு விடத் தோன்றும். விடாதீர்கள். வேறு அறையில் இருக்கும் ஒருவரைக் கூப்பிட்டு முகரச் சொல்லுங்கள்.

படி 5: பழக்குவது

எல்லோரும் தாண்டிப்போவது இந்தப் படியை. எங்களுக்குச் சிக்கியதும் இங்கேதான். ஆரம்பத்தில் அக்காவுக்குப் பெப்பர்மின்ட் நன்றாகவே வேலை செய்தது. சில சுற்றுகள் போனபின், வீட்டில் சும்மா இருக்கும்போது மூடியைத் திறந்ததுமே குமட்டியது. எண்ணெய் அதேதான், கெடவும் இல்லை. ஆனால் அக்காவின் மூளையில் பெப்பர்மின்ட் என்றால் கீமோ என்று பதிந்துவிட்டது.

மருந்து ஏறுவதற்கு முன்பே, ஆஸ்பத்திரி சானிடைசர் நெடிக்கே சிலருக்கு வாந்தி வருவதைப் பார்த்திருப்பீர்கள். குமட்டல் நேரத்தில் மூக்கில் எந்த மணம் இருந்ததோ அதையும் குமட்டலையும் மூளை முடிச்சுப் போட்டுவிடும். மணி அடித்ததும் எச்சில் ஊறிய பாவ்லோவின் நாய்க்கு நடந்ததுதான். இதே முடிச்சை நமக்குச் சாதகமாகவும் போடலாம்.

புது மணத்தை முதல்முறையாக ஆஸ்பத்திரியில் திறக்காதீர்கள். குறைந்தது ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில், உடம்பு சுமாராக இருக்கும் நேரத்தில், பிடித்த பாட்டைக் கேட்டபடியோ படுக்கப் போகும் முன்போ தினமும் ஒரே வேளையில் மூன்று மூச்சு முகரட்டும். மணம் வந்தால் உடம்பு தளரும் என்பது முதலில் பதிய வேண்டும். அப்புறம்தான் அது கீமோ அறைக்குப் போகலாம்.

தூக்கத்துக்கு ஒரு குழாய், கீமோ நாளுக்கு வேறொரு குழாய், இரண்டிலும் வேறு வேறு எண்ணெய். ஒன்று கெட்டாலும் மற்றது பிழைக்கும். வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும்போது குழாயை நீட்டாதீர்கள். இஞ்சியோ பெப்பர்மின்டோ குமட்டல் தலைதூக்கும்போதே கொடுக்க வேண்டியது. அவருக்குச் சின்ன வயசிலிருந்து உயிரான மணம் ஏதாவது இருந்தால் அதை இந்த வேலைக்கு இழுக்காதீர்கள், பிறகு அதையும் வெறுத்துவிடுவார். முடிச்சு தப்பாக விழுந்துவிட்டது என்று தெரிந்தால் அந்த எண்ணெயை மறந்துவிட்டு, புதிதாக ஒன்றை மேலே சொன்னபடி பழக்குங்கள். அக்காவுக்கு ஸ்வீட் ஆரஞ்சைப் பழக்கினோம், கடைசிச் சுற்று வரை அது நின்றது.

படி 6: கீமோ நாளில்

காத்திருக்கும்போதும், ஊசி குத்துவதற்குச் சற்று முன்பும் நல்ல நேரம். குழாயை மூக்குக்குள் நுழைக்க வேண்டாம். ஒரு சாண் தள்ளி, தாடைக்குக் கீழே பிடித்தால் மணம் தானாக மேலே வரும். நாலு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே, அப்படி மூன்று மூச்சு. உடனே மூடி. பத்து நிமிஷம் கழித்து வேண்டுமென்றால் இன்னொரு தடவை. குழாய் அவர் கையிலேயே இருக்கட்டும். அந்த அறையில் தன் இஷ்டத்துக்கு நிறுத்தக்கூடியது என்று அவருக்கு இருப்பதே அது ஒன்றுதான். பக்கத்து நாற்காலிக்காரருக்கும் மூக்கு உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

பலன் இருக்கிறதா என்று பார்க்க டிஸ்ட்ரெஸ் தெர்மாமீட்டரை இரவல் வாங்கிக்கொண்டோம். அமெரிக்காவின் நேஷனல் காம்ப்ரிஹென்சிவ் கேன்சர் நெட்வொர்க் தரும் அளவுகோல் அது: 0 என்றால் மனக்கஷ்டம் இல்லை, 10 என்றால் தாங்க முடியவில்லை. கடந்த ஒரு வாரம் எப்படி இருந்தது என்று கேட்பதற்காக வந்தது. நாங்கள் முகரும் முன்னும் பின்னும் எண் கேட்டுக் குறித்தோம். 4 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவக் குழு கவனித்து விசாரிக்க வேண்டிய அளவு. நாள்கணக்கில் எண் அங்கேயே நின்றால் இன்னொரு எண்ணெய் தேடாதீர்கள். நோட்டை டாக்டரிடம் காட்டி, மனநல ஆலோசகர் வேண்டும் என்று கேளுங்கள்.

படி 7: தோலில் தடவலாமா?

என்னைக் கேட்டால் சிகிச்சை முடியும் வரை வேண்டாம். டாக்டர் சரி என்றால், 30 மில்லி கேரியர் ஆயிலுக்கு 6 சொட்டு, அதாவது 1 சதவீதம், அதற்கு மேல் போகாதீர்கள். கதிர்வீச்சு படும் இடம், மருந்து ஏற்ற உடம்பில் பொருத்திய போர்ட், பிக் லைன் கட்டுக்குப் பக்கம், புண், கேப்சிடாபின் போன்ற மருந்தால் சிவந்து உரியும் உள்ளங்கை, உள்ளங்கால் எங்கேயும் கூடாது. பெர்கமோட் தடவி வெயிலில் போனால் தோல் வெந்துவிடும். வாய்க்குள் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது, வெந்நீரில் கலந்தும்தான்.

பின்சேர்க்கை, கருத்துப் பெட்டியில் வந்தவற்றிலிருந்து

ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து எடுக்கும் ஒருவர், பெப்பர்மின்ட் முகர்ந்ததும் தொண்டையில் ஐஸ் குத்துவது போல இருந்தது என்று எழுதியிருந்தார். அந்த மருந்து குளிர்ச்சியைத் தாங்க முடியாமல் செய்யும். பெப்பர்மின்டில் உள்ள மென்தால், நரம்பில் குளிரை உணரும் அதே ஏற்பியைத் தூண்டுவது. எனவே ஆக்ஸாலிபிளாட்டின் ஓடினால் பெப்பர்மின்டை விட்டு இஞ்சிக்குப் போங்கள்.

வீட்டில் ஆக்ஸிஜன் வைத்திருப்பவர்கள் கேட்டிருந்தார்கள். முகத்திலோ ஆக்ஸிஜன் குழாயிலோ எண்ணெய் படவே கூடாது, பக்கத்தில் மெழுகுவத்தியும் கூடாது. தீப்பிடிக்கும். ஆக்ஸிஜன் ஓடும்போது வாசனைக் குழாயையும் நான் திறக்க மாட்டேன்.

குழந்தையோ பூனையோ உள்ள வீட்டில் புட்டிகளைப் பூட்டி வையுங்கள். டீ ட்ரீ எண்ணெய் பூனைக்கு விஷம், யூகலிப்டஸ் எண்ணெயைக் குழந்தை விழுங்கினால் வலிப்பு வரலாம்.

திரியை எப்போது மாற்றுவது என்று பலர் கேட்டீர்கள். மணம் மங்கினால் மேலே சொட்டு விடாமல் புதுத் திரி போடுங்கள். வேறு எண்ணெய்க்கு மாறும்போது குப்பியையும் கழுவிக் காயவைத்துவிடுங்கள், பழைய மணம் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்.