எக்ஸெலில் விமானப் பயணக் கணக்கு: கண்ணுக்குத் தெரியாமல் நுழையும் தவறுகள்

தனியார் விமானி உரிமத்துக்குப் படிப்பவர்களில் பலர் பயணத் திட்டத்துக்கென்று எக்ஸெலில் சொந்தமாக ஒரு ஷீட் போட்டுக்கொள்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஃபார்முலாவை நாமே எழுதினால் காற்றுக் கணக்கு மனசில் பதியும். எக்ஸெல் பிழை என்று காட்டினால் உடனே திருத்திவிடுவோம். நம்பும்படியான ஒரு தப்பு எண்ணைக் காட்டும்போதுதான் ஆபத்து.

முதல் இடம் கோணம். எக்ஸெலின் சைன், காஸ் இரண்டும் ரேடியனில்தான் கணக்குப் போடும். நாம் கொடுப்பதோ டிகிரி. விமானத்தின் வேகம் 110 நாட் (மணிக்கு 110 கடல் மைல்), காற்று 20 நாட், பாதைக்கு 40 டிகிரி சாய்ந்து முன்னாலிருந்து அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேடியனுக்கு மாற்ற மறந்தாலும் சைன் 0.643-க்குப் பதில் 0.745 என்று வரும். அதனால் ஹெடிங், அதாவது விமானத்தின் மூக்கு நோக்க வேண்டிய திசை, ஏறக்குறைய ஒரு டிகிரிதான் மாறும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் காஸ் குறி மாறி, எதிர்காற்று பின்காற்றாகிவிடும். தரைவேகம், அதாவது தரையைக் கடக்கும் வேகம், 94 நாட் வர வேண்டிய இடத்தில் 122 என்று நிற்கும். 150 கடல் மைல் பயணத்தில் 1 மணி 36 நிமிடம் என்பது 1 மணி 14 நிமிடமாகச் சுருங்கும். பகலில் கண்பார்வை விதிப்படி (வெளியே பார்த்தே ஓட்டும் முறையில்) பறக்க அமெரிக்க விதி கேட்கும் கையிருப்பே 30 நிமிட எரிபொருள்தான். அதில் 22 நிமிடம் இந்த ஒரு ஃபார்முலாவிலேயே போய்விடும்.

அந்தக் கையிருப்புக் கணக்கிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. எக்ஸெலுக்கு நேரம் என்பது ஒரு நாளின் பின்னம். 0:30 என்று எழுதி, மணிக்கு 10 கேலன் என்று பெருக்கினால் 5 வராது, 0.2 தான் வரும். 24-ஆல் பெருக்க வேண்டும். பயண நேரத்தை 1.5 என்று தசமத்திலும் கையிருப்பை 0:30 என்றும் எழுதியவருக்கு மொத்தம் 15.2 கேலன் என்று காட்டும். உண்மையில் தேவை 20.

ஓடுபாதை நீளத்துக்கான அட்டவணையை வி-லுக்கப் (அட்டவணையில் மதிப்பைத் தேடி எடுக்கும் எக்ஸெல் ஃபார்முலா) மூலம் தேடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். செஸ்னா 172 என்ற சிறு விமானத்தின் கையேட்டில் வெப்பநிலை 10 டிகிரி இடைவெளியில்தான் தரப்பட்டிருக்கும். சரியான எண் அட்டவணையில் இல்லையென்றால், தோராயப் பொருத்தத்தில் வி-லுக்கப் எப்போதும் அதைவிடக் குறைந்த எண்ணையே எடுக்கும். வெளியே 29 டிகிரி என்றால் 20 டிகிரிக்கான தூரத்தைக் கொடுக்கும். அது குறைந்த தூரம். இடைக்கணிப்பு (இரண்டு எண்களுக்கு நடுவிலுள்ள மதிப்பைக் கணிப்பது) எழுதத் தெரியாவிட்டால் அடுத்த அதிக வெப்பநிலைக்கான வரிசையை, இங்கே 30 டிகிரியை, எடுங்கள். அட்டவணை முடியும் எல்லைக்கு அப்பால் கோட்டை நீட்டிக் கணக்குப் போடவே கூடாது.

எடைக் கணக்கில், காலியாக விட்ட செல் பூஜ்யம் ஆகிவிடும். பின்சீட்டு ஆளின் எடையை நிரப்ப மறந்தாலும் ஷீட் ‘சரி’ என்று பச்சை காட்டும். செல் காலியாக இருந்தால் சிவப்பு காட்டும்படி எழுதுங்கள். வெற்று எடையை அந்த விமானத்தின் பதிவிலிருந்தே எடுங்கள். பக்கத்தில் நிற்கும் இன்னொரு 172-இன் எண் உதவாது. எரிபொருள் எண்ணிலும் கவனம் வேண்டும்: 172எஸ் ரகத்தின் தொட்டிகள் 56 கேலன் பிடிக்கும், பயன்படுத்த முடிவது 53 தான்.

மேல்காற்று முன்னறிவிப்பு உண்மை வடக்கை வைத்துச் சொல்லப்படுகிறது, விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்லும் காற்று, திசைகாட்டி காட்டும் காந்த வடக்கை வைத்து. சியாட்டில் பக்கம் இரண்டுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 15 டிகிரி. இரண்டையும் ஒரே செல்லில் போடாதீர்கள். 350, 010 என்ற இரு காற்றுத் திசைகளுக்குச் சராசரி எடுத்தால் எக்ஸெல் 180 என்று, அதாவது நேர் எதிர்த் திசையை, காட்டும்.

ஷீட்டை நம்புவதற்கு முன் கையேட்டின் செயல்திறன் பகுதியிலுள்ள மாதிரிக் கணக்கை அதில் போட்டுப் பாருங்கள். பிறகு காற்றை நேர் எதிரிலும், நேர் பின்னாலும், இரு பக்கங்களிலும் வைத்துச் சோதியுங்கள். விமானத்தின் வேகம் 110 நாட், காற்று நேர் எதிரில் 20 நாட் என்றால் தரைவேகம் சரியாக 90 வர வேண்டும். வந்த பிறகு ஃபார்முலா செல்களைப் பூட்டிவிடுங்கள்.